ஜப்பானில் நூடுல்ஸ் செய்யக் கற்பது: முதல்முறை போகிறவர்களுக்கு உடோன் வகுப்பு வழிகாட்டி

ஜப்பான் பயணத்தில் நூடுல்ஸ் செய்யும் வகுப்பு ஒன்றில் சேர வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். டோக்கியோவிலேயே அதை முடித்துவிடாதீர்கள். ஷிகோகு தீவுக்குப் போங்கள். அங்கே ககாவா மாகாணத்தில் உடோன் எனும் தடித்த கோதுமை நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மாவைக் கையில் எடுப்பது முதல் கிண்ணத்தில் விழுவது வரை எல்லா வேலையையும் நீங்களே செய்துவிட்டு வருவீர்கள்.

எந்த நூடுல்ஸைத் தேர்ந்தெடுப்பது?

ஜப்பானில் பயணிகளுக்கென நடக்கும் நூடுல்ஸ் வகுப்புகள் பெரும்பாலும் ராமென், சொபா, உடோன் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லித்தருகின்றன.

ராமென் புகழ் பெற்றது. வகுப்புகளும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவில் நிறைய உண்டு. ஆனால் ராமெனின் உயிர் அதன் சாற்றில் இருக்கிறது. எலும்பையும் இறைச்சியையும் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுக்கும் சாறு அது. சில மணி நேர வகுப்பில் அதை முதலிலிருந்து செய்ய நேரம் இராது என்பதால், பெரும்பாலும் தயாராக வைத்திருப்பதை ஊற்றித்தருவார்கள். மாவில் கன்சுய் எனும், சமையல் சோடாவைப் போன்ற காரநீர் சேர்ப்பதால் அது விறைப்பாக இருக்கும். ஆகவே பல இடங்களில் இயந்திரத்தில் கொடுத்துத்தான் தேய்க்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மொமொஃபுகு அந்தோ 1958இல் உருவாக்கிய சிக்கன் ராமென் எனும் உடனடி நூடுல்ஸை நீங்களே பிசைந்து, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்துப் பொட்டலம் கட்டும் வகுப்பு ஒசாகாவுக்கு அருகிலுள்ள இகேதாவிலும் யோகோஹாமாவிலும் இருக்கும் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகங்களில் நடக்கிறது. முன்பதிவு கட்டாயம். அசைவம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சொபா வேறு மாதிரி. பக்வீட் எனப்படும் தானியத்தின் மாவில் பசைத்தன்மை கிடையாது. அதனால் எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை சேர்த்துப் பிசைவது வழக்கம். அப்படியும் தண்ணீர் சற்றுக் குறைந்தால் வெடிக்கும், கூடினால் குழையும். நாகானோ மாகாணத்தின் தொகாகுஷி சொபாவுக்குப் பேர்போன ஊர். அங்கே வகுப்பும் உண்டு. கை பழகியவர்களுக்கு அது அருமையான அனுபவம். முதல்முறை மாவில் கை வைப்பவருக்கோ பாதி வேலையை ஆசிரியரே செய்து கொடுக்க வேண்டியிருக்கும்.

உடோனுக்குத் தேவை கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. மாவு தடிமனானது, முரட்டுக் கையையும் தாங்கும். சுருக்கமான வகுப்பு என்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் பிசைந்து, மிதித்து, தேய்த்து, வெட்டி, வேகவைத்துச் சாப்பிட்டும் விடலாம்.

ஏன் ககாவா?

ககாவா ஜப்பானின் மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது. அதன் பழைய பெயர் சனுகி. இன்றும் அந்த ஊர் உடோனைச் சனுகி உடோன் என்றே அழைக்கிறார்கள். 2011இல் மாகாணமே தன்னை ‘உடோன் மாகாணம்’ என்று விளம்பரம் செய்துகொண்டது. அது வெறும் விளம்பரமாகப் போகாததற்குக் காரணம் மண்ணிலும் மழையிலும் இருக்கிறது. செதோ உள்கடலை ஒட்டிய இந்தப் பகுதியில் மழை குறைவு. ஏரி வெட்டித் தண்ணீர் தேக்கித்தான் பயிர் செய்தார்கள். இங்கே பிறந்த பௌத்தத் துறவி கூகாய், மன்னோ ஏரியின் உடைந்த கரையை 821இல் சீரமைத்தார். சீனாவுக்குப் போய்வந்த அவரே உடோன் செய்யும் முறையையும் கொண்டுவந்தார் என்பது உள்ளூர்க்காரர்களின் நம்பிக்கை. நெல் அறுவடைக்குப் பிறகு கோதுமை விதைத்தார்கள். கடற்கரையில் உப்பு விளைந்தது. பக்கத்து ஷோதோ தீவில் சோயா சாஸ் காய்ச்சினார்கள். இபுகி தீவைச் சுற்றிய கடலில் பிடித்த சிறு மீன்களை அவித்து உலர்த்தினார்கள். ஒரு கிண்ண உடோனுக்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. நாற்று நட்டு முடித்த கையோடு புதுக் கோதுமையில் உடோன் செய்து சாப்பிடும் வழக்கத்தை ஒட்டி, 1980இல் ஜூலை 2ஆம் தேதியை உடோன் நாளாக அறிவித்தார்கள்.

இன்று பெரும்பாலான கடைகளில் ஆஸ்திரேலியக் கோதுமை மாவுதான். உள்ளூர் கோதுமையில் செய்து பார்க்க ஆசை இருந்தால், மாகாணமே உருவாக்கிய ‘சனுகி நோ யுமே’ என்ற வகையைப் பயன்படுத்துகிறார்களா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

போவதும் பதிவு செய்வதும்

ஷின்-ஒசாகாவிலிருந்து ஒகாயாமாவுக்குப் புல்லட் ரயிலில் முக்கால் மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து ககாவாவின் தலைநகரான தகமத்சுவுக்கு மரீன் லைனர் ரயில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும். வழியில் 1988இல் திறந்த செதோ பெரும்பாலத்தைக் கடப்பீர்கள். அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள், கீழே தீவுகள் ஒவ்வொன்றாக வந்துபோகும். தகமத்சுவிலிருந்து கொதோதென் என்னும் உள்ளூர் ரயிலில் இன்னொரு மணி நேரம் போனால் கொதோஹிரா.

கொதோஹிராவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கொன்பிரா-சான் என்று மக்கள் அன்போடு அழைக்கும் மலைக்கோவில் இருக்கும் ஊர் அது. கோவிலின் திருவிழாவைக் காட்டும் கென்ரோகு காலத்துத் திரை ஓவியத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டு முடிந்து 18ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில், யாத்திரிகர்களுக்கு உடோன் விற்கும் கடைகள் வரையப்பட்டிருக்கின்றன. அதே கோவில் பாதையில்தான் இன்று நகானோ உடோன் பள்ளி இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு மிகவும் ஏற்ற இடம் இது. தகமத்சுவிலும் இவர்களுக்கு வகுப்பறை உண்டு. பாட்டுப் போட்டு, கைதட்டி, மாவை மிதிக்கவைப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் கலந்துவிடுவார்கள். அமைதியாக, ஆசிரியர் பக்கத்திலேயே நின்று சொல்லித்தர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சிறு குழுவாக நடக்கும் வகுப்பைத் தேடலாம்.

காலையில் முதலில் மலை ஏறிவிடுங்கள். பிரதான சன்னதி வரை 785 படிகள். இறங்கி வரும்போது பசி நன்றாக எடுத்திருக்கும். வகுப்பைப் பதினொரு மணிவாக்கில் வைத்துக்கொண்டால், நீங்கள் செய்த உடோனே மதியச் சாப்பாடு.

பதிவு செய்யும்போது ஆட்களின் எண்ணிக்கை, குழந்தைகளின் வயது, உணவுக் கட்டுப்பாடு மூன்றையும் எழுதிவிடுங்கள். வர முடியாமல் போனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் பெயருக்கு மாவு பிசைந்து ஊறவைத்திருப்பார்கள், அது வீணாகும். வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். கொஞ்சம் யென் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும்.

சைவமா, ஒவ்வாமையா? இதை முதலில் படியுங்கள்

நூடுல்ஸில் மாவும் உப்பும் தண்ணீரும்தான், ஆகவே சைவம் என்று நம்பிப் போகிறவர்கள் சாறு வரும்போது திகைத்துப்போகிறார்கள். தாஷி என்னும் அந்தச் சாறு மீனில் ஊறியது. ககாவாவில் அது பெரும்பாலும் இரிகோ என்னும் உலர்ந்த சிறு மீனிலிருந்து வருகிறது. தெளிவாக, பொன்னிறமாக, காய்கறிச் சாறு போலவே தெரியும் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானில் பலர் மீன் சாற்றை அசைவம் என்று எண்ணுவதே இல்லை. “இறைச்சி சேர்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்று உண்மையாகவே பதில் சொல்வார்கள். அதனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்.

“நிகு தோ சகானா வா தபெமாசென்” என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். அதோடு நிறுத்தாமல் “தாஷி மோ தபெராரெமாசென்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். தாஷியையும் உண்ண முடியாது என்பது அதனால் தெளிவாகிவிடும். இதையே ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் அச்சடித்து வைத்திருப்பது இன்னும் நல்லது. நூடுல்ஸுக்கு ஊற்றும் சோயா சாஸிலும் சில இடங்களில் தாஷி கலந்திருக்கும். கலப்பில்லாத சோயா சாஸ் வேண்டுமானால் “கிஜோயு அரிமாசு கா?” என்று கேளுங்கள். குளிர்ந்த உடோன் மீது அதைச் சில சொட்டு விட்டு, துருவிய இஞ்சி, முள்ளங்கி, வெங்காயத்தாள், எள், ஒரு பிழி சுதாச்சி எலுமிச்சை சேர்த்தால் போதும். சாறு இல்லாமல் சாப்பிடுவது குறை என்று நினைக்க வேண்டாம். மாவின் ருசி முழுமையாகத் தெரிவது இந்த முறையில்தான் என்பது என் எண்ணம்.

பொரித்த டோஃபு மேலே வைத்துத் தரும் கிட்சுனே உடோனும் சைவ உணவுக்காரர்களுக்கு ஆகாது, அந்த டோஃபுவைப் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். காய்கறியை மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவைக் கேட்டால் அதே எண்ணெயில் இறாலும் பொரிந்திருக்கும். மது தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது மிரின். இனிப்புச் சுவைக்காகச் சாற்றில் சேர்க்கும் இதில் ஆல்கஹால் உண்டு. முட்டை தவிர்ப்பவர்கள் கமாதாமா என்ற வகையை வாங்காதீர்கள். சூடான நூடுல்ஸில் பச்சை முட்டை உடைத்துக் கலப்பது அது.

ஒவ்வாமை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். பக்வீட் ஒவ்வாமை கடுமையாக வரக்கூடியது. பொட்டல உணவுகளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஜப்பானில் சட்டமே இருக்கிறது. அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் சொபா வகுப்பின் அறைக்குள்ளேயே நுழையக் கூடாது, மாவு காற்றில் பறக்கும். உடோனும் சொபாவும் ஒரே பானையில் வேகும் இடங்களும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடோன் வகுப்பு பொருந்தாது. சொபா வகுப்பிலும் கோதுமை கலக்கும் என்பதால் அதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

என்ன உடுத்திப் போவது?

முழங்கை வரை மடிக்கக்கூடிய சட்டை, கால் வீசி நடக்க வசதியான பேன்ட் அல்லது சல்வார். புடவையும் வேட்டியும் அன்றைக்கு வேண்டாம், மாவை மிதிக்கும்போது தடுக்கும். கறுப்பு உடையில் மாவு அப்பினால் நாள் முழுக்கத் தெரியும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், முடியைக் கட்டியிருக்க வேண்டும். சுத்தமான காலுறை ஒரு ஜோடி கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், காலணியை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். ஏப்ரன் பல இடங்களில் தருவார்கள்.

வகுப்பில் நடப்பது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வரிசை தலைகீழாக இருக்கலாம். பிசைந்த மாவு ஊற நேரம் வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் அதற்கு இடமில்லை. ஆகவே ஏற்கெனவே ஊறிய மாவு உருண்டையைக் கொடுத்து முதலில் தேய்க்கவும் வெட்டவும் சொல்வார்கள். பிறகுதான் புது மாவைப் பிசைந்து மிதிப்பீர்கள். நீங்கள் மிதித்தது உங்களோடு வரும், இல்லையென்றால் அடுத்துச் சமைக்கப் போகும். இது தெரியாமல் போனால் குழப்பமாக இருக்கும். இங்கே வேலையின் இயல்பான வரிசையிலேயே சொல்கிறேன்.

உப்புநீர். உப்பை மாவில் தூவுவதில்லை, தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுகிறார்கள். கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், குளிர்காலத்தில் ஆறு, மற்ற நாட்களில் ஐந்து என்பது சனுகியின் பழைய கணக்கு. இன்று அவ்வளவு உப்பு யாரும் போடத் தேவையில்லை, ஆனால் அந்தக் கணக்கின் பின்னாலிருக்கும் அறிவு இன்றும் செல்லும். உப்பு மாவின் பசையை இறுக்குகிறது. வெயிலில் மாவு சீக்கிரம் தளர்ந்துபோகும் என்பதால் கோடையில் உப்பைக் கூட்டுகிறார்கள். ஆசிரியரிடம் “இன்றைக்கு எவ்வளவு உப்பு?” என்று கேளுங்கள். நீங்கள் அக்கறையோடு வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும், சொல்லித்தரும் விதமும் மாறும்.

கலப்பது. உப்புநீரை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு மாவைச் சுழற்ற வேண்டும். அழுத்தக் கூடாது. புட்டுக்கு நனைத்த மாவு போல உதிரி உதிரியாக, எல்லா இடத்திலும் ஒரே ஈரத்தோடு வர வேண்டும். இது அமையாமல் உருண்டை பிடித்தால் உள்ளே வெள்ளைத் திட்டுகள் தங்கிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் போகாது. உதிரியாக வந்தபிறகுதான் சேர்த்து அழுத்தி ஒரு கட்டியாக்குவார்கள். பார்க்கக் கரடுமுரடாக, வெடிப்போடு இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று தோன்றும்; இன்னும் ஊற்றத் துடிக்காதீர்கள்.

மிதிப்பது. நம்மில் பலருக்கு மனம் தயங்கும் இடம் இது. சாப்பாட்டில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மாவை மிதிப்பது எளிதல்ல. ஆனால் கால் மாவில் படுவதே இல்லை; மாவு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் சொல்லிவிடுங்கள், கையால் பிசையவிடுவார்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. மிதிப்பதற்குக் காரணம் எடைதான். இவ்வளவு குறைந்த தண்ணீரில் பிசைந்த மாவைக் கையால் இளக்குவது கடினம், உடம்பின் முழு எடையும் இறங்க வேண்டும். குதிகாலால், சிறு சிறு அடியாக, நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லச் சுற்றி வாருங்கள். குதிக்க வேண்டாம். தட்டையானதும் உறையைத் திறந்து, மாவை மடித்து, மறுபடி மிதிக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு முறை உறையைத் திறக்கும்போதும் மாவைத் தொட்டுப் பாருங்கள். முதலில் சொரசொரப்பாக இருந்தது, பிறகு வழுவழுப்பாகி, கடைசியில் விரலை அழுத்தி எடுத்தால் மெல்ல மேலெழும்பும். வகுப்புக்கு வந்ததே இந்த மாற்றத்தை விரலில் உணர்ந்துகொள்ளத்தான். எந்தக் காணொலியும் இதைக் கற்றுத்தர முடியாது. செல்பேசியை இந்த நேரத்தில் மட்டுமாவது பையில் வைத்துவிடுங்கள்.

ஊறுவது. ஜப்பானில் ஒரு பொட்டலத்தின் மீது ‘ஊர்ப் புகழ் பெற்ற சனுகி உடோன்’ என்று அச்சடிக்க விதிகள் உண்டு: ககாவாவிலேயே செய்திருக்க வேண்டும், மாவின் எடையில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீரும் 3 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பும் சேர்த்திருக்க வேண்டும், 2 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறியிருக்க வேண்டும், 15 நிமிடம் போல வேகவைத்து உண்ண வேண்டும். மிதிபட்டு இறுகிய பசை ஊறும் இந்த நேரத்தில்தான் தளர்ந்து, தேய்க்கும்போது பின்னுக்கு இழுக்காமல் விரிகிறது.

தேய்ப்பது. பலகையில் மாவு தூவி, உருண்டையை உள்ளங்கையால் அழுத்தி, நடுவிலிருந்து வெளியே தள்ளித் தேய்க்க வேண்டும். நம் சப்பாத்திக் கட்டையைவிட இவர்களுடைய உருளை நீளமானது. வட்டத்தைச் சதுரமாக்குவதுதான் குறி. மாவை உருளையில் சுற்றி, கைகளை நடுவிலிருந்து ஓரங்களுக்கு நகர்த்தியபடி உருட்டி, பிரித்து, 90 பாகை திருப்பி மறுபடியும் சுற்றுவார்கள். ஆசிரியர் செய்யும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பாருங்கள், மொழி தெரியாதது ஒரு குறையாகவே இராது. 3 மில்லிமீட்டர் கனம் போதும், வெந்தபிறகு பருக்கும்.

வெட்டுவது. தேய்த்த மாவின் மேல் தாராளமாக மாவு தூவி, முன்னும் பின்னுமாக மடிப்பார்கள். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவற்றைப் பிரிக்க வழியே இல்லை. கத்தி பெரியது, கனமானது. அதை அறுப்பதுபோல் இழுக்காமல், நேராகக் கீழே இறக்கி முன்னால் தள்ளுங்கள். இடக்கை விரல்களை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். அகலமும் 3 மில்லிமீட்டர் போல. பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, வெட்டியதைக் கைப்பிடியாக எடுத்து உதறுங்கள். நீண்ட இழைகளாகப் பிரிந்து தொங்கும்போது மாவு பலகையில் கொட்டும். கனமும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே கிண்ணத்திலேயே மெல்லியதும் தடித்ததும் கலந்திருக்கும். அதனால் சில இழைகள் குழைவாகவும் சில மென்று தின்னும்படியாகவும் அமைவது கையால் வெட்டிய உடோனுக்கே உரியது.

வேகவைப்பது. பானை பெரிதாக, தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். நூடுல்ஸிலிருந்து உப்பும் மாவும் தண்ணீரில் இறங்குவதால் குறைந்த தண்ணீரில் வேகவைத்தால் கொழகொழத்துவிடும். தளதளவெனக் கொதிக்கும்போது உதிர்த்துப் போட்டு, ஒட்டாமல் ஒருமுறை கிளறிவிட்டு, பிறகு நூடுல்ஸே தண்ணீரில் சுழலும்படி விட்டுவிடுங்கள். கனத்தைப் பொறுத்து 10 முதல் 15 நிமிடம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போட்டு, துணி அலசுவதைவிடச் சற்றே மென்மையாக, கைகளால் தேய்த்து அலச வேண்டும். மேலுள்ள வழவழப்பு போய், இழை இறுகி, பளபளக்கும். சனுகிக்காரர்கள் கோஷி என்று கொண்டாடும் மெல்லும் உறுதி இந்த அலசலில்தான் முழுமையடைகிறது. சூடாக வேண்டும் என்றால் அலசியதை மறுபடி வெந்நீரில் முக்கி எடுப்பார்கள். பானையிலிருந்து நேராக எடுத்துச் சாப்பிடும் கமாஆகே வகையை மட்டும் அலசுவதில்லை. அது மிருதுவாக இருக்கும்.

சாப்பிடும்போது

உடனே சாப்பிடுங்கள். பத்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் நூடுல்ஸ் தளர்ந்துவிடும். உறிஞ்சும் சத்தம் கேட்டால் அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தில் செங்குத்தாக நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. தொடங்கும்போது “இதாதாகிமாசு”, முடித்தபின் “கோச்சிசோசாமா” என்று சொன்னால் ஆசிரியரின் முகம் மலரும்.

வகுப்பு முடிந்த அன்றோ மறுநாளோ உள்ளூர் உடோன் கடை ஒன்றுக்கும் போய்வாருங்கள். பல கடைகளில் நாமே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, சிறியதா பெரியதா என்று சொல்லி, மேலே வைக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, முடிவில் பணம் கொடுக்க வேண்டும். காலையில் திறந்து, பிற்பகலிலேயே நூடுல்ஸ் தீர்ந்ததும் மூடிவிடும் கடைகள் நிறைய. இரவு உணவுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். தாமே மாவை மிதித்து வெட்டியவர் அங்கே முதல் வாய் கடிக்கும்போது தேர்ந்த கைக்கும் தம் கைக்கும் உள்ள தூரத்தைத் தெளிவாக உணர்வார்.

ஊருக்குக் கொண்டுவருவது

நகானோ பள்ளியில் வகுப்பு முடிந்ததும் செய்முறை எழுதிய சுருளைச் சான்றிதழாக உருளைக் கட்டையோடு கொடுப்பார்கள். அந்தக் கட்டையைக் கைப்பையில் வைக்காமல் விமானத்தின் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் தடி என்று எடுத்து வைத்துவிட வாய்ப்புண்டு. சோயா சாஸ், சாறு போன்றவை 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் அவையும் அங்கேதான். நீங்கள் பிசைந்த பச்சை மாவை அன்றோ மறுநாளோ தங்குமிடத்தின் அடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டுவிடுவதே நல்லது. அன்பளிப்பாகக் கொடுக்க, பாதி உலர்த்திய உடோன் ரயில் நிலையக் கடைகளில் கிடைக்கும். சைவச் சாறு வைக்க நினைப்பவர்கள் கோம்பு என்னும் உலர் கடற்பாசியும் உலர்ந்த ஷிடாகே காளானும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கி, சோயா சாஸ் விட்டால் மீன் இல்லாத தாஷி தயார்.

வீட்டில் செய்ய நம் மைதாவே போதும். பொட்டலத்தில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமுக்கு அருகில் இருப்பதை எடுங்கள். 500 கிராம் மைதாவுக்கு 230 மில்லிலிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு. சித்திரை வெயிலில் செய்வதென்றால் பழைய சனுகிக் கணக்கை நினைத்து உப்பை 30 கிராமாக்குங்கள். வேகவைத்து அலசும்போது உப்பின் பெரும்பகுதி நீரோடு போய்விடும், ஆகவே வேகவைத்த தண்ணீரைச் சாறாகப் பயன்படுத்தாதீர்கள். மிதிக்கத் தடித்த பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அதன் மேல் சுத்தமான துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் 2 மணி நேரம் ஊறினால் போதும், மார்கழியில் இன்னும் ஒரு மணி நேரம் விடலாம். தூவுவதற்குக் கார்ன்ஃப்ளார் நன்றாக உதவும். இந்த அளவு ஐந்து பேருக்கு வரும். மீந்ததை வேகவைக்காமல் மாவு தூவி, ஆளுக்கொரு பிடியாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் பின்னொரு நாள் அப்படியே கொதிநீரில் போடலாம். அப்போது ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.